வண்டியும் வழித்துணையும்

நெடும்பயணம் ஒன்றுக்கு யாரைத் துணையாகக் கொள்வது? கேட்ட மாத்திரத்தில் இஃது ஓர் அறப் பிரச்சினையாக எவருக்கும் தோன்றாது. விருப்பத்தையும் வசதியையும் பொறுத்த சிறு விஷயம் என்றே பலரும் எண்ணுவர். எனினும், மனிதர் சிலர் ஒரே வண்டியில் ஏறி, ஒரே அடுப்பிற் சமைத்து, ஒருவர் மூச்சு மற்றொருவர்மேற் படும் நெருக்கத்தில் உறங்கிப் பல நாள்களைக் கழிக்க நேரும்போது, அவர்கள் வாழும் சமுதாயமும் அந்தச் சிறு பெட்டிக்குள் ஏறிக்கொள்கின்றது. செலவு யாருடையது, உழைப்பு யாருடையது, எங்கே நிற்பது எங்கே திரும்புவது என முடிவு செய்யும் உரிமை யாருக்குரியது, ஏற்றப்படாமல் விடப்பட்டவர் யார் என்னும் கேள்விகள் அங்கே எழுகின்றன. ஆதலின் இதனைச் சிறு விஷயமென ஒதுக்கிவிட இயலாது.

அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிலே படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, கழிப்பறை யாவும் உள்ளடங்கிய மோட்டார் வண்டிகளில் மாதக்கணக்காகப் பயணஞ் செய்வோர் பலர். இவற்றை வீட்டு வண்டி என்று கூறலாம். கேரள அரசும் 2021ஆம் ஆண்டில் இவ்வகைப் பயணத்தை ஊக்குவிக்க ஒரு கொள்கையை வகுத்தது. வண்டியின் விலை பெரிது. எரிபொருட் செலவும் பெரிது. எனவே தனித்திருப்போரும் ஓய்வு பெற்றோரும் செலவிற் பாதியையும் வண்டியோட்டும் உழைப்பிற் பாதியையும் ஏற்கத்தக்க ஒருவரைத் தேடுகின்றனர். புகை பிடிப்பவரா, விடியலில் எழுபவரா, ஓயாது பேசுபவரா, நாயை உடன் கொணர்பவரா என்றெல்லாம் முன்கூட்டியே வினவிக்கொள்கின்றனர். ஒத்துப்போகக் கூடியவரைக் கண்டடைவதே அவர்தம் நோக்கம்.

நமக்கு அத்தகைய வண்டிகள் வாய்க்கவில்லை. ஆயினும், அந்த அநுபவம் நமக்குப் புதியதன்று. பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் வாடகை வான் ஒன்றைப் பேசி, பாய், தலையணை, பானை, அரிசி, எரிவாயு அடுப்பு ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு நாம் புறப்பட்டுவிடுகின்றோம். கந்தளாய், திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில், ஹபரணைக்குச் செல்லும் பெருவீதியில் உள்ள ஊர். கோணேசர் கோயிலையும் கன்னியா வெந்நீரூற்றையும் காணத் தெற்கிலிருந்து வரும் வண்டிகளும், கதிர்காமத்துக்கும் நுவரெலியாவுக்கும் இங்கிருந்து செல்லும் வண்டிகளும் இவ்வழியாகவே போய்வருகின்றன. ஆற்றங்கரை மரநிழலிற் சமைத்து, மடங்களிலும் வண்டிக்குள்ளும் உறங்கி, நாலைந்து நாள்கள் அவ்வண்டியையே வீடாகக் கொள்பவர்கள் நாம். அந்த வண்டியில் யாரை ஏற்றுவது என்பது பெரும்பாலும் ஆசிரியர் அறையிலோ, வீட்டுத் திண்ணையிலோ முடிவாகிவிடுகின்றது. ‘நம்மோடு ஒத்துவரக் கூடியவர்கள்’ என்னும் ஒரு சொல்லே அங்கு அளவுகோல். அச்சொல்லுக்கு நாம் என்ன பொருள் கொள்கின்றோம் என்பதை ஆராய்ந்து பார்த்தல் நன்று.

தமிழர் வாழ்விலே வீட்டு வண்டியின் மிகப் பழைய சித்திரம் உமணருடையது. நெய்தல் நிலத்து உப்பை ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களை நோக்கிக் கூட்டங் கூட்டமாகச் சென்றவர்கள் அவர்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை அவ்வண்டியின் உள்ளும் புறமும் காட்டுகின்றது. கோழிகள் தங்கும் கூடும், சிறிய உரலும், கயிற்றாற் கட்டிய காடிப் பானையும் அதில் இருந்தன. குழந்தையை உடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டிச் சென்றாள். குடும்பமும் தொழிலும் ஒரே சக்கரங்களின்மேல் நகர்ந்தன. புறநானூற்றிலே ஔவையார், பொகுட்டெழினியின் சிறப்பைக் கூற வந்தவிடத்து, இவ்வண்டியின் இன்னோர் உறுப்பை உவமையாக்குகின்றார். மேடும் பள்ளமும் எங்கே உள்ளன என்பதை எவரும் அறியாராதலின் உமணர் வண்டியின் கீழே சேம அச்சொன்றையும் கட்டிக்கொண்டு சென்றனர். அச்சு முறியும் வேளையிலே பயன்படுவது அது.

உமணர்தம் ஒற்றுமை எதனால் அமைந்தது? அவர்கள் ஒரே குலத்தவர் என்பது உண்மை. ஆனால், சேற்றிற் புதைந்த சக்கரத்தைக் குலப்பெயர் தூக்கிவிடாது. எருது சோர்ந்தபோது தோள் கொடுத்தலும், அச்சு முறிந்தபோது சேம அச்சை எடுத்துக் கொடுத்தலும், காவலும் சமையலும் முறைவைத்து ஏற்றலுமே அந்தச் சாத்தினைப் பாலை வழியே கொண்டு சேர்த்திருக்க முடியும். பழகிய குலம் அவ்வொழுங்குக்கு வசதியாக இருந்தது, அவ்வளவே. வசதியாக இருந்த ஒன்றைக் காரணமாகவே கருதிவிடுவது நம்மவர் நெடுங்காலமாகச் செய்துவரும் பிழை.

குலமும் நிலையும் ஒவ்வாத இடத்தும் வழித்துணை அமையக்கூடும் என்பதற்குச் சிலப்பதிகாரம் சான்று. புகாரை விட்டு நீங்கும் கோவலனும் கண்ணகியும் வணிகக் குடியினர், இல்லறத்தார், பொருளிழந்து செல்பவர். அவர்களோடு இணையும் கவுந்தியடிகளோ முதியவர்; துறவி. அவர்களுக்கிடையே பழக்க வழக்கத்தில் ஒப்புமை தேடுவது வீண். மதுரை என்னும் முடிவிடம் ஒன்றாக இருந்தது. கண்ணகியின் மெல்லடிகள் அவ்வழியைத் தாங்குமா என்னும் கவலையும் இருந்தது. அடிகள் ஒவ்வொரு வழியின் இடரையும் முன்னரே எடுத்துரைக்கின்றார். வயல்வழியே சென்றால் காலடியில் நண்டும் நத்தையும் நசுங்கும் என்று தம் கொள்கையையும் மறைக்காமற் கூறிவிடுகின்றார். தம் நோன்புக்கு மற்றவர் எங்கே இடந்தர வேண்டும், மற்றவரின் இயலாமைக்குத் தாம் எங்கே இடந்தர வேண்டும் என்பவை புறப்படும் முன்னரே பேசித் தீர்க்கப்பட்டுவிட்டன.

வழியிலே இருவர் கோவலனையும் கண்ணகியையும் எள்ளி நகையாடியபோது கவுந்தியடிகள் ஒதுங்கி நிற்கவில்லை. அவர் இட்ட சாபம் கடியது என்பதும், எள்ளப்பட்ட அவ்விருவருமே இரங்கிச் சாபவிடை வேண்டினர் என்பதும் தனியே ஆராயத்தக்கன. உடன் வருவோர்க்கு நேர்ந்த இழிவைத் தமக்கு நேர்ந்ததாகக் கொண்டமையே ஈண்டு நாம் கருத வேண்டியது. மதுரைப் புறஞ்சேரியை அடைந்ததும், ஆயர்குல மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்புவித்த பின்னரே அவர் பொறுப்பு நீங்குகின்றது. உண்மையில் அப்போதும் நீங்கவில்லை. கோவலன் கொலையுண்டமையை அறிந்த அடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார் என்கின்றது காப்பியம். சில நாள் வழித்துணைக்கு இளங்கோ வைத்த அளவுகோல் அத்துணை உயரமானது.

ஆயின், துணைவரை ஆராயாது ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று நாம் கூறுகின்றோமா? வள்ளுவர் ‘நட்பாராய்தல்’ என ஓர் அதிகாரமே வகுத்திருக்கின்றாரே எனச் சிலர் கேட்கக் கூடும். கேள்வி நியாயமானது. நட்பு என்பது கொண்டபின் விடமுடியாத உறவென்பது வள்ளுவர் கருத்து. ஆதலின் கொள்வதற்கு முன் குணமும் குடிமையும் குற்றமும் இனமும் அறியச் சொன்னார். வழித்துணையோ எல்லை குறிக்கப்பட்ட உறவு. அது தொடங்கும் இடமும் முடியும் இடமும் உண்டு. அதற்குரிய அளவுகோல் வேறாதல் வேண்டும்.

கிரேக்க நாட்டு அரிஸ்டோட்டில் தம் ஒழுக்கவியல் நூலின் எட்டாம் பகுதியில் இதனைத் தெளிவாக்குகின்றார். பயன் பற்றிய நட்பு, இன்பம் பற்றிய நட்பு, நற்பண்பு பற்றிய நட்பு என நட்பினை மூவகையாகப் பகுத்த அவர், ஒரே கப்பலிற் செல்வோரும் ஒரே படையில் நிற்போரும் ஒருவரையொருவர் நண்பர் என்றழைப்பதைச் சுட்டுகின்றார். எத்துணை தூரம் அவர்கள் ஒரு காரியத்திற் பங்காளிகளோ அத்துணை தூரம் அவர்களிடையே நட்பும் உண்டு, நீதியும் உண்டு என்பது அவர் கருத்து. அடிமை முறையை நியாயப்படுத்திய ஒருவர் இவ்வுண்மையின் முழுப் பொருளையும் கண்டிருக்க முடியாது. ஆயினும், பங்கு எங்குண்டோ அங்கே நீதியும் வேண்டும் என்னும் கருத்து நமக்குப் பெரிதும் பயன்படுவது. நண்பனிடம் அன்பை எதிர்பார்க்கின்றோம். வழித்துணையிடம் முதலில் எதிர்பார்க்க வேண்டியது நியாயம். நியாயம் நிலைத்த இடத்தில் அன்பு பெரும்பாலும் பின்னர் வந்து சேரும்.

இந்த வேறுபாட்டை மறந்து, வண்டியில் ஏறுவோரிடமும் ஒப்புமையைத் தேடத் தொடங்கினால் என்ன நிகழும்? டாக்டர் அம்பேத்கர் தம் இளமை நினைவுகளில் எழுதியிருக்கும் நிகழ்ச்சியொன்று இதற்கு விடை தரும். 1901ஆம் ஆண்டில், வேற்றூரில் உத்தியோகம் பார்த்த தந்தையைக் காணச் சிறுவராகிய அவரும் உடன்பிறந்தார் முதலியோரும் மசூர் என்னும் புகையிரத நிலையத்தில் இறங்கினர். நல்ல உடை உடுத்த சிறுவர்களைக் கண்டு வண்டிக்காரர் பலர் முன்வந்தனர். அவர்கள் மகர் சாதியினர் என்று தெரிந்ததும் எவரும் ஏற்ற இசையவில்லை. இறுதியில் ஒருவன் இரட்டிப்புக் கூலிக்கு உடன்பட்டான். சிறுவர்களே வண்டியை ஓட்ட வேண்டும். வண்டிக்குரியவன் பக்கத்தே நடந்து வருவான் என்பது ஏற்பாடு. தன் சொந்த வண்டியில் ஏறாது காலால் நடப்பதே தனக்கு மேன்மை என்று ஒருவனை எண்ணவைத்த சமுதாயத்தை என்னென்பது! அவனைக் கேட்டிருந்தால் அவனும், இவர்கள் தன்னோடு ஒத்துவரமாட்டார்கள் என்றே கூறியிருப்பான்.

இது கடந்த காலத்துக் கதை, அயல்நாட்டுக் கதை என்று நாம் ஆறுதல் கொள்ள முடியுமா? கந்தளாயிலே சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் வாழ்கின்றனர். இங்குள்ள பெருங்குளத்தைக் கட்டியவன் குளக்கோட்டன் என்பது தமிழர் மரபு. இரண்டாம் அக்கபோதி மன்னன் என்பது சிங்கள வரலாற்று மரபு. கட்டியவன் பெயரில் நாம் வேறுபடலாம். வயலுக்குப் பாயும் நீர் ஒன்றே. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆந் திகதி அக்குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது வெள்ளமும் இனம் பார்த்து வரவில்லை. இவ்வாறு ஒரே அணைக்கட்டின் கீழ் வாழும் நாம், விடுமுறைக்கு ஒரு வான் பேசும்போது மூன்று வான்களாகப் பிரிந்துவிடுகின்றோம். காரணங் கேட்டால் உணவு வேறு, மொழி வேறு, வழிபாடு வேறு என்கின்றோம்.

இக்காரணங்களை இகழ்தல் தகாது. ஹலால் உணவன்றி வேறுண்ணாதார்க்கும், விரதம் பூண்டு மச்சம் விலக்கினார்க்கும் ஒரே பானை ஒவ்வாது என்பது மெய். ஆனால், இரண்டாவது பானை ஒன்றைக் கொண்டு போவதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? தொழுகைக்கென வண்டியைக் கால்மணி நேரம் நிறுத்துவதும், கோயிலுக்கு முன் கற்பூரம் கொளுத்த நிறுத்துவதும், விகாரை வாசலில் மலர் வைக்க நிறுத்துவதும் பயணத்துக்குத் தடையாகும் என எவராவது மெய்யாகவே கருதுகின்றனரா? பானையாலும் பதினைந்து நிமிடத்தாலும் தீர்க்கக் கூடிய வேற்றுமையைத் தீர்க்க முடியாத வேற்றுமையாகப் பேசும்போது, நாம் பேசுவது உணவைப் பற்றியன்று என்பதை உணர வேண்டும்.

நாம் விரும்பித் தேராத துணையோடு செல்ல முடியும் என்பதை 2022ஆம் ஆண்டு காட்டியது. எரிபொருள் கிடையாது நாடெங்கும் வண்டிகள் வரிசையில் நின்ற காலம் அது. ஜூலை மாதத்திற் பங்கீட்டு முறை வந்தபோது, காருக்கு வாரத்துக்கு 20 லீற்றரும், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் என அளவு வகுக்கப்பட்டது. நான்கு லீற்றரில் வாரம் முழுவதும் தொலைவிலுள்ள பாடசாலைக்குச் சென்று மீள எவரால் இயலும்? ஒரே வீதியில் வெவ்வேறு பாடசாலைகளுக்குச் செல்லும் ஆசிரியர்கள், அதுவரை தலையசைப்புக்கு மேல் பழகாதவர்கள், எங்கள் பகுதியில் ஒரு வண்டியிற் கூடிச் செல்லலாயினர். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கியவர்களும் அவர்களில் இருந்தனர். யாருடைய வாரப் பங்கு முதலிற் செலவாவது, வராத நாளுக்குப் பணம் உண்டா, பிந்தி வருபவருக்காக எத்தனை நிமிடம் காத்திருப்பது என்பவை பேசி முடிவாயின. கணக்கு நேராக இருந்த வண்டிகள் ஓடின. கணக்கு மறைந்த வண்டிகள் ஒரே இனத்தார் சென்றவையாயினும் சில வாரங்களில் நின்றுவிட்டன.

2023 செப்டெம்பரிற் பங்கீடு நீங்கியது. அவரவர் வண்டிகள் அவரவர்க்கு மீண்டன. பழைய தலையசைப்பும் மீண்டது. பஞ்சம் நம்மை ஒன்றாக்கியது என்று பெருமைப்படுவதா, பஞ்சம் நீங்கியதும் பிரிந்தோமே என்று வருந்துவதா? தேவையினாற் பிறந்த தோழமையைக் கொள்கையினால் நிலைநிறுத்தத் தவறிவிட்டோம் என்பதே உண்மை.

தேவையையும் கொள்கையையும் இணைத்து நடத்தப்பட்ட ஒரு பயணம் உலக வரலாற்றில் உண்டு. அமெரிக்காவின் மொன்ற்கொமரி நகரிலே, 1955 டிசெம்பர் 1ஆந் திகதி, ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினப் பெண் பஸ்வண்டியில் தன் இருக்கையை வெள்ளையர் ஒருவருக்காக விட்டெழ மறுத்துக் கைதானார். அதன்பின் அந்நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாள்கள் பஸ்வண்டிகளைப் புறக்கணித்தனர். பல்லாயிரவர் நாள்தோறும் வேலைக்குச் சென்று மீள, ஏறத்தாழ 300 கார்கள் ஒழுங்குபடுத்தப்பட்டன. அதுவரை பஸ்ஸில் ஏறியறியாத, கார் வைத்திருந்த படித்தவர்களும், பிறர் வீடுகளிற் சமைத்தும் துவைத்தும் பிழைத்த பெண்களும் ஒரே காரில் அமர்ந்தனர். ஒரே நிறத்தவரிடையேயும் வர்க்கம் எழுப்பியிருந்த சுவர் அக்கார்களுக்குள்ளே தளர்ந்தது. யார் யாருக்கு ஒத்தவர் என்று எவரும் பட்டியலிட்டுத் தேரவில்லை. போகுமிடமும் போராட்டமும் ஒன்றாயிருந்தன.

இதுவரை வண்டிக்கு வெளியே நிறுத்தப்படுவோரைப் பற்றிப் பேசினோம். வண்டிக்கு உள்ளே இருப்போரிடமும் நீதி ஒரே அளவிற் பங்கிடப்படுவதில்லை. வாடகை வானின் சாரதியை எண்ணிப் பாருங்கள். நால்வர் உறங்கப் பதின்மர் பாடிக்கொண்டு செல்லும் வண்டியை இரவு முழுவதும் விழித்து ஓட்டுபவர் அவர். அவர் எங்கே உண்டார், எத்தனை மணி நேரம் உறங்கினார் என்று எத்தனை பேர் கேட்கின்றோம்? பயணக் குழுவில் எத்தனை பேர் என்று எண்ணும்போது அவரைச் சேர்க்காமல் எண்ணுவதே வழக்கம். மனிதரொருவரைச் சக்கரத்தின் பகுதியாகக் கருதும் இம்மனப்பான்மை, தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைப்பாளியைக் கருதும் மனப்பான்மையின் மறுவடிவமே. உறக்கமிழந்த சாரதியின் கையில் நம் குழந்தைகளின் உயிரும் இருக்கின்றது என்பதையேனும் நினைத்தால், தன்னலங் கருதியாவது அவரைத் தோழராகக் கொள்வோம்.

பெண்களின் நிலையும் இத்தகையதே. ஆடவர் ஆற்றில் நீராடிக் களிக்கும் வேளையில் மூன்று கற்களைக் கூட்டி அடுப்பு மூட்டுபவர்கள் அவர்கள். வீட்டில் நடக்கும் வேலை சக்கரங்களின்மேல் ஏறி வந்துவிட்டது. ஓய்வு மட்டும் ஏறவில்லை. ‘எங்கள் வீட்டார் எல்லாவற்றுக்கும் ஒத்துப்போவர்’ என்று பெருமையோடு கூறும் கணவர் உளர். ஒருவரே என்றும் விட்டுக்கொடுப்பதற்கு ஒத்துப்போதல் என்று பெயரிடலாகாது. உமணர் வண்டியிலே பெண் எருதுகளை ஓட்டினாள் என்பதை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். வழியைத் தேர்வதிற் பங்கில்லாதவர், உடன் வருபவராயினும் ஏற்றிச் செல்லப்படுபவரே ஆவார்.

வண்டி ஒருவருடையதாகவும் செலவு இருவருடையதாகவும் இருக்கும்போது இச்சிக்கல் இன்னும் கூர்மையாகின்றது. வண்டியின் சொந்தக்காரர் மற்றவரிடம் பாதிச் செலவைப் பெற்றுக்கொண்டு, முழு முடிவையும் தாமே செய்வாராயின், அங்கிருப்பது வீட்டுக்காரருக்கும் குடியிருப்பாளருக்கும் உள்ள உறவு. தேய்மானத்துக்கும் பழுதுக்கும் இவ்வளவு, எரிபொருளுக்கு இவ்வளவு, ஓட்டும் உழைப்புக்கு இவ்வளவு என்று பிரித்து, எல்லோரும் காணக் குறிப்பேடொன்றில் எழுதி வைப்பதால் நட்புக் கெடும் என்று சிலர் கூசுவர். உண்மை இதற்கு மாறானது. எழுதப்படாத கணக்கை ஒவ்வொருவரும் தம் மனத்தில் எழுதிக்கொள்கின்றனர். அங்கே எவரும் கடனாளியாகத் தம்மை எழுதுவதில்லை.

துணையைத் தேரும் உரிமையே ஒரு வசதி என்பதையும் மறத்தலாகாது. ஜெசிக்கா புரூடர் 2017இல் எழுதிய ‘நோமாட்லாண்ட்’ என்னும் நூல், 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, முதிய வயதில் வண்டிகளையே வீடாக்கிக்கொண்ட அமெரிக்கரைப் பற்றியது. பண்டசாலைகளிலும் வயல்களிலும் பருவகாலக் கூலிகளாக உழைத்துத் திரிபவர்கள் அவர்கள். உல்லாசப் பயணியின் வண்டியும் அவர்களுடைய வண்டியும் ஒரே வீதியிற் செல்லலாம். ஒன்றுக்குத் திரும்பிச் செல்ல வீடு உண்டு. நம் நாட்டிலே இத்தகைய வண்டிகளைக் காண அமெரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களையும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நீங்கிய மக்களையும், 2009 வரை வன்னியில் இடம்விட்டு இடம் பெயர்ந்தோரையும் நாம் அறிவோம். கூரைத் தகடும் கதவும் பானையும் கிழவியும் கைக்குழந்தையும் ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் ஏறின. விடியலில் எழுபவரா என்று அங்கே எவரும் வினவவில்லை. அந்நாள்களில் இடங்கொடுத்தவரையும் கொடாதவரையும் இன்றளவும் மக்கள் மறக்கவில்லை.

இனி, ஒரு கேள்வி எஞ்சுகின்றது. எவரையும் விலக்கவே கூடாதா? குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவரையும், பெண்களிடம் வரம்பு மீறுபவரையும், கைநீட்டுபவரையும் விலக்கும் உரிமை எல்லோர்க்கும் உண்டு. தனித்துச் செல்லும் பெண்ணொருத்தி துணையை மிகக் கவனமாக ஆராய்வதும், ஐயந் தோன்றின் மறுப்பதும், வழியிலேயே இறங்கிவிடுவதும் அவள் உரிமை. அதற்கு அவள் எவருக்கும் விளக்கங் கூறக் கடமைப்பட்டவளல்லள். ஆனால், நடத்தை பற்றி விலக்குவதற்கும் பிறப்புப் பற்றி விலக்குவதற்கும் இடையே பெருவேறுபாடு உண்டு. முன்னதை ஒருவர் தம் செயலால் தேடிக்கொள்கின்றார். பின்னதை அவர் மேல் நாம் சுமத்துகின்றோம்.

நடத்தையை எவ்வாறு முன்னறிவது? ஊர், சாதி, சமயம், உத்தியோகம் ஆகியவற்றை வினவுவதால் அது தெரியவராது. நடக்கக் கூடியவற்றைப் பேசிப் பார்த்தாலே தெரியும். ஒருவர் நோயுற்றால் பயணத்தை நிறுத்துவோமா, பணம் தீர்ந்துபோனால் அதனைத் தயங்காது கூற முடியுமா, வண்டி பழுதானால் யார் பொறுப்பு, பாத்திரம் கழுவுவதில் முறை உண்டா, மனம் ஒவ்வாதபோது பகையின்றிப் பிரிவது எப்படி என்னும் வினாக்களுக்கு ஒருவர் விடை கூறும் விதமே அவரைக் காட்டிவிடும். நெடும்பயணத்துக்கு முன் ஒருநாட் பயணமொன்றைச் சேர்ந்து செய்து பார்த்தல் அதனினும் நன்று. பிரியும் உரிமையை முன்னரே ஒப்புக்கொண்டவர்கள் அதனைப் பயன்படுத்த வேண்டிய தேவை குறைவு என்பதும் கவனிக்கத்தக்கது.

பாரதக் கதையின் இறுதியில் பாண்டவரும் திரௌபதியும் வடக்கு நோக்கி நடக்கின்றனர். ஒருவர்பின் ஒருவராக வீழ்கின்றனர். வீமன் ஒவ்வொரு முறையும் காரணங் கேட்க, வீழ்ந்தவரின் குற்றத்தை எடுத்துக் கூறிவிட்டுத் தருமன் மேலே நடக்கின்றான். இறுதியில் இந்திரனின் தேர் வந்தபோது, தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டு ஏற மறுக்கின்றான். நாயைக் கைவிடாத அறத்தை எல்லோரும் போற்றினர். வீழ்ந்த திரௌபதிக்கு அருகில் அவன் ஒரு கணமேனும் அமர்ந்திருக்கலாகாதா என்று கேட்டவர் சிலரே. உடன் வந்தவரின் குற்றங்களைக் கணக்கிட்டபடி முன்னே செல்பவர் சுவர்க்கத்தையே அடையினும் நல்ல வழித்துணையாகார். தேரில் இடமில்லையெனில் ஏறேன் என்னும் உறுதி, உடன் நடந்த மனிதர்க்கும் உரியதாதல் வேண்டும்.

ஒத்த துணை எங்கோ ஆயத்தமாகக் காத்திருக்கவில்லை. செலவைத் திறந்த கணக்காக்கி, உழைப்பை முறைவைத்துப் பங்கிட்டு, முடிவைக் கலந்து செய்யும் வண்டியிலே இன்று ஒவ்வாதவர் நாளை ஒத்தவராகலாம். இவ்வொழுங்கு இல்லாத வண்டியில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளும் பாதி வழியிற் பகைத்துக்கொள்வர். வரும் விடுமுறைக்கு வான் பேசும் ஆசிரிய நண்பர்கள், ஆசனங்களை எண்ணும்போது சாரதியையும் சேர்த்து எண்ணட்டும். பெயர்ப் பட்டியலை எழுதும்போது வீதிக்கு அப்பாலுள்ள பாடசாலையின் ஆசிரியர் ஒருவரையும் கேட்டுப் பார்க்கட்டும். அவர் வரமாட்டார் என்று நாமே முடிவு செய்துவிடாது, அவரிடமே கேட்பது நல்ல தொடக்கமாகும். இரண்டாவது பானைக்கு வண்டியில் இடமிருக்கும்.